கறுப்பு மணலுக்கு எந்த ஸ்கூப்? பிளாஸ்டிக், ஆன்லைன் ஸ்டீல், மார்த்தாண்டம் பட்டறை: மூன்றையும் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன்

மெட்டல் டிடெக்டரோடு கடற்கரையில் இறங்குகிற நம்ம ஆட்கள் பலரும் கையில் இருக்கிற காசையெல்லாம் டிடெக்டரில் போட்டுவிட்டு, மணலோடு பொருளை அள்ளிச் சலிக்கிற ஓட்டைக் கூடையான ஸ்கூப் என்று வரும்போது கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து முட்டம் வரைக்கும் உள்ள கரையில் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே அது சரிப்படாது. டிடெக்டர் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அடுத்த அலை வந்து குழியை மூடுவதற்குள் பொருளை மேலே கொண்டுவருவது ஸ்கூப்தான்.

முதலில் நம்ம மணலைப் பற்றிப் பேச வேண்டும். ஆன்லைனில் விற்கிற ஸ்கூப்புகளும் அவற்றுக்கு எழுதப்படுகிற விமர்சனங்களும் பெரும்பாலும் வெள்ளை மணலை மனதில் வைத்தவை. சாதாரண மணல் குவார்ட்ஸ், தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். மணவாளக்குறிச்சி மணலில் கலந்திருக்கிற, அதைக் கறுப்பாக்குகிற இல்மனைட் என்ற கனிமம் கிட்டத்தட்ட 4.7 மடங்கு, மோனசைட் என்ற இன்னொரு கனிமம் 5 மடங்கு. ஆறரை அங்குல வாயும் பத்து அங்குல நீளமும் உள்ள ஒரு கூடையை ஈரமான வெள்ளை மணலால் நிரப்பினாலே பத்து கிலோவைத் தாண்டும். கறுப்பு மணல் அதிகம் கலந்த இடத்தில் அதே கூடை 14, 15 கிலோ போகும். தென்மேற்குப் பருவமழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கரையை அரித்து லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமான கறுப்பு மணல்தான் அடியில் தங்கும். தங்கம் அதைவிடக் கனம், அதனால் அதுவும் அங்கேயேதான் கிடக்கும். ஆக, தேடுவதற்கு நல்ல காலமும் மணல் மிகக் கனமாக இருக்கிற காலமும் ஒன்றாகவே வருகிறது. "பெரிய கூடை, ஒரே அள்ளில் பொருள்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினால் காலையில் ஒரு மணி நேரத்திலேயே இடுப்பு பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, இங்கே என்ன தொலைகிறது என்பது. வெளிநாட்டுக்காரர்கள் கல்யாண மோதிரத்தைத் தேடுகிறார்கள், அவர்கள் ஸ்கூப்பில் 12 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலும் மோதிரம் நிற்கும், மணலும் தண்ணீரும் சட்டென்று வடியும். நம்ம கடலில் மோதிரம் மட்டுமா போகிறது? கம்மல், கம்மலின் திருகாணி, தாலியில் கோத்த குண்டு, மெல்லிய சங்கிலி எல்லாம் போகிறது. ஆடி அமாவாசைக்குக் குளிக்க வருகிற கூட்டத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதே நாளில் கர்க்கடக வாவு பலிக்கு இறங்குகிற கூட்டத்திலும் பாருங்கள், கழுத்திலும் காதிலும் போட்டபடியேதான் முங்குகிறார்கள். 12 மில்லிமீட்டர் ஓட்டையில் திருகாணி ஒரு குலுக்குக்குக்கூட நிற்காது. சங்கிலி முனை உள்ளே நுழைந்ததென்றால் முழுசும் வழுக்கிப் போய்விடும். மூக்குத்தியை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், அதை ஸ்கூப் பிடிப்பது இருக்கட்டும், முக்கால்வாசி நேரம் டிடெக்டரே சொல்லாது.

இனி ஸ்கூப்புகள்.

பிளாஸ்டிக் கை ஸ்கூப்பைப் பலரும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. அலை தொடாத காய்ந்த மணலில், சங்குத்துறை, சொத்தவிளை மாதிரிக் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடங்களில், நான் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். பிளாஸ்டிக் என்பதால் மணலோடு அப்படியே டிடெக்டரின் காயிலுக்கு (உலோகத்தை உணர்கிற அடித் தட்டு) மேலே ஆட்டிப் பார்க்கலாம், சத்தம் வந்தால் பொருள் ஸ்கூப்புக்குள், வரவில்லை என்றால் இன்னும் குழியில். ஸ்டீலில் இந்த வசதி கிடையாது, அள்ளிய மணலைக் கரையில் தட்டித்தான் பார்க்க வேண்டும். ஈர மணலுக்கு மட்டும் பிளாஸ்டிக் ஆகாது. கறுப்பு மணல் ஈரத்தில் கெட்டியாக இறுகிக் கிடக்கும், கையால் குத்தினால் பிடி வளையும், கொஞ்ச நாளில் பிடியும் கூடையும் சேருகிற இடத்தில் வெள்ளைக் கீறல் தெரியும். அதற்கப்புறம் உடைய நாளாகாது.

இரண்டாவது, ஆன்லைனில் வாங்கிய நீளக் கம்பு ஸ்டீல் ஸ்கூப். கடையின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். ஆனால் இதே மாதிரிப் பல பெயர்களில் வருவதால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பார்க்க அழகு, வாய் அகலம், குதிகால் வைத்து மிதிக்கப் பின்னால் ஒரு தகடும் உண்டு. மிதித்தால் நன்றாகவே இறங்கியது. சிக்கல் எல்லாம் அதற்கப்புறம். வெல்டு பிடித்த இடங்களில் ஒரு பருவம் முடிவதற்குள் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பு. போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் இல்லை, முலாம் பூசிய சாதா இரும்பு, அவை முதலில் போயின. கம்பு அலுமினியம், அதைச் செருகுகிற குழாய் ஸ்டீல். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளையாகப் பொங்கும், கடைசியில் கம்பு குழாய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். கழற்றிப் பையில் வைக்க முடியாத நீளக் கம்போடு பஸ்ஸில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று களியக்காவிளையில் மாறி ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.

இதே ஸ்கூப்பை வைத்திருக்கிறவர்கள் தூக்கிப் போட வேண்டாம், சரிசெய்யலாம். கம்பை உருவி, நுனியில் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் உறை) ஏற்றிவிட்டுத் திரும்பச் செருகுங்கள், ஸ்டீலும் அலுமினியமும் தொடாமல் இருந்தால் போதும். அது கிடைக்கவில்லையா, பழைய சைக்கிள் டியூப் துண்டு போதும். போல்ட் எல்லாவற்றையும் 304 என்ற தரத்து ஸ்டெயின்லெஸுக்கு மாற்றுங்கள். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் உலர முடுக்கினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பிறகு ஹேக்ஸா வைத்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும். கம்பின் அடி முனைக்குக் கொஞ்சம் மேலே சின்ன ஓட்டை ஒன்று போட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் வடிந்துவிடும்.

ஓட்டை பெரிதாக இருக்கிறதே என்றால் கூடையின் பின்பாதிக்கு மட்டும் உள்ளே ஸ்டெயின்லெஸ் வலை வைத்துக் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். வலைக் கண் 6 மில்லிமீட்டர். முழுக் கூடைக்கும் வைத்தால் தண்ணீர் வடிய நேரமாகும், அதற்குள் அடுத்த அலை வந்து தள்ளும். ஸ்கூப்பைத் தூக்கும்போது பொருள் பின்பக்கம்தான் உருண்டு போகும், அதனால் அங்கே இருந்தால் போதும். குழித்துறை ஆறு கடலில் சேருகிற தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்துப் பக்கம் சிப்பி அதிகம், வலை அடைத்துக்கொள்ளும், அங்கே போகும்போது கழற்றிவிடுகிறேன். மணவாளக்குறிச்சி மணல் நைசு, எந்தக் கண்ணிலும் ஓடிவிடும்.

மூன்றாவது மார்த்தாண்டத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. இதுதான் இப்போது என் கையில் இருப்பது, இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. மாடிப்படிக் கைப்பிடியும் கேட்டும் செய்கிற பட்டறைதான், ஆர்கான் வெல்டிங் உண்டு. போய் ஸ்டீல் தகட்டைக் கேட்டதும் அண்ணன் முதலில் கேட்ட கேள்வி, "தம்பி, 202 போடவா, 304 போடவா?" இந்தக் கேள்வியைக் கேட்கிற பட்டறையை விடாதீர்கள். கேட்காமல் வேலையை ஆரம்பிக்கிற இடத்தில் நீங்களே கேளுங்கள். இரண்டும் பளபளவென்று ஒன்றுபோலவே இருக்கும், காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டிலுமே சரியாக ஒட்டாது, அதனால் காந்தச் சோதனை இங்கே உதவாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் கூடுதல், விலை மலிவு, கடல் காற்றில் துரு வரும். 304-இல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 இன்னும் நல்லது, அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பின் அரிப்பைத் தாங்கும். ஆனால் நாள்தோறும் கடலில் கிடக்கப் போவதில்லை என்பதால் எனக்கு 304 போதும் என்று பட்டது. பட்டறையில் தகடு வாங்கிய பில்லைக் காட்டச் சொன்னேன், அண்ணன் முகம் சுளிக்காமல் காட்டினார். மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கிற சொட்டு மருந்தும் அவரிடம் இருந்தது, தகட்டின் ஓரத்தில் விட்டுக் காண்பித்தார்.

அளவு நான் சொன்னது: வாய் ஐந்து அங்குலம், கூடை எட்டு அங்குலம். இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். சின்னதாக இருக்கிறதே என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு தடவை குத்தி எட்டு, பத்து அங்குலம் இறங்குவது, ஒரே தடவையில் 15 கிலோவைத் தூக்குவதைவிட எவ்வளவோ வேகம். அடித்தகடும் வாயும் 2 மில்லிமீட்டர் வெற்றுத் தகடு, மற்றதெல்லாம் 6 மில்லிமீட்டர் துளை போட்ட தகடு. வாய் விளிம்பில் அடிப்பக்கமாக ஒரு பட்டை வைத்துப் பற்ற வைக்கச் சொன்னேன், பாறையில் இடித்தாலும் மடங்கவில்லை. பல் வேண்டாம் என்றேன். பல் வைத்த ஸ்கூப் மணலில் ஒன்றும் கூடுதலாகக் கிழிப்பதில்லை, ஆனால் தங்கச் சங்கிலியைக் கிழிக்கும். நம்ம நகை 22 காரட், 916, மெத்தென்ற உலோகம், ஸ்டீல் விளிம்பு நேராகப் பட்டால் மோதிரமே நசுங்கும். மூலைகளையும் உருட்டி அரம் போட்டுவிட்டார், கரையில் காய்கிற வலையில் தவறிப் பட்டாலும் நூலை அறுக்காது. மீன்பிடிக்கிறவர்கள் பிழைக்கிற கரை அது, இந்தக் கவனம் நமக்கு இருந்தே ஆக வேண்டும்.

வெல்டு முடிந்ததும் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறியிருக்கும். அதைப் பிக்கிளிங் பேஸ்ட் தடவிச் சுத்தம் செய்யச் சொல்லி வாங்குங்கள், துரு முதலில் பிடிக்கிற இடம் அதுதான். அந்தப் பேஸ்ட் கடுமையான அமிலம், வீட்டில் நாமே செய்ய வேண்டாம்.

கம்புக்குக் கார்பன் ஃபைபர் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். லேசு என்பது உண்மை. ஆனால் போல்ட் போகிற இடத்தில் உள்ளே மர முளையோ நைலான் முளையோ அடிக்காமல் முடுக்கினால் குழாய் விரிசல் விடும். என் ஸ்கூப்புக்கு அயினி மரத்தில் கம்பு. எங்கள் பக்கம் வள்ளம் கட்ட எடுக்கிற மரம், உப்புத் தண்ணீருக்குப் பழகினது. ஆசாரியிடம் மண்வெட்டிக் கணை மாதிரிச் சீவி வாங்கி எண்ணெய் பூசிவைத்தேன். ஸ்கூப்பை நிறுத்தினால் கம்பின் முனை என் நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அதைவிடக் குட்டையாக இருந்தால் இடுப்பளவு தண்ணீரில் குனிய வேண்டிவரும். கம்பு முனையில் கயிறு போட்டு வலைக்குக் கட்டுகிற மிதவை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். கடல் கொந்தளிக்கும்போது கைநழுவினால் ஸ்கூப்பைத் தேட இன்னொரு டிடெக்டர் வேண்டாம் பாருங்கள், மிதவை காட்டிக்கொடுக்கும்.

வீடியோக்களில் கூடைக்கு அடியில் நியோடிமியம் காந்தம் வைக்கச் சொல்வார்கள், ஆணி, தூண்டில் முள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று. வெள்ளை மணலில் நல்ல யோசனை. இங்கே வேண்டாம். இல்மனைட்டே அந்தக் காந்தத்துக்கு இழுபடும், ஒரு அள்ளுக்குள் காந்தம் முழுக்கக் கறுப்புத் தாடி முளைத்துவிடும், அப்புறம் ஆணி ஒட்ட இடமிருக்காது.

டிடெக்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை அலைவரிசையில் ஓடுகிற மெஷின், உதாரணத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸ் காரெட் ஏடி புரோ, நம்ம ஈரமான கறுப்பு மணலில் நிறையப் பொய் சொல்லும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரிப் பல அலைவரிசை மெஷின் எவ்வளவோ அமைதி. எதுவானாலும் ஸ்டீல் ஸ்கூப்பைக் காயிலுக்கு முன்னால் கொண்டுபோகாமல் பின்னால் இழுத்துக்கொண்டு நடங்கள். சத்தம் வந்த புள்ளியில் நேராகக் குத்தாமல் நாலைந்து அங்குலம் தள்ளிக் குத்தி அடியிலிருந்து நெம்புங்கள்.

வேலை நடந்தது ஒரு வாரம். செலவு, தகடு, கூலி, கம்பு எல்லாம் சேர்த்து ஆன்லைன் ஸ்கூப்பின் விலையைவிடக் குறைவாகவே வந்தது. குறை என்று சொன்னால் எடை மட்டும்தான், மரக் கம்பு என்பதால் அலுமினியத்தைவிடக் கொஞ்சம் பாரம்.

புதிதாக இறங்குகிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அந்தப் பக்கம் ஸ்கூப்பையே எடுக்காதீர்கள். நேற்று குளிக்க வந்தவர் தொலைத்த நகை கிடைத்தால் அவரைத் தேடிக் கொடுங்கள், ஆள் தெரியாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். குழியை மூடிவிட்டு நகருங்கள், விடியும் முன்னே வலை இழுக்க வருகிறவர் கால் அதில்தான் மாட்டும். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம் அது, எனவே வீட்டில் போய்ச் சலித்துக்கொள்ளலாம் என்று ஒரு பை மணலைக்கூட அள்ளி வராதீர்கள். ஸ்கூப்பையும் கரையிலேயே கடல் தண்ணீரில் அலசி மணலை உதறிவிட்டு, வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி, கம்பைக் கழற்றித் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள்.