முக்கால் மணித்தியாலம் கிண்ட வேண்டிய பொலெந்தா மா

காலி வீதியில், எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சுப்பர்மார்க்கெட்டில் இத்தாலியர்கள் களி போலக் கிண்டும் பொலெந்தா என்ற சோள மா இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒன்று ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். மற்றது பருமனாக உடைத்தது, முக்கால் மணித்தியாலம் அடுப்பில் நிற்க வேண்டும். இரண்டையும் சமைத்துப் பார்த்துவிட்டேன். இனி நான் வாங்கப் போவது இரண்டாவதைத்தான்.

சூப் தடிக்கப் போடும் வெள்ளைக் கோர்ன் ஃப்ளவரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது சோளத்தின் மாச்சத்து மட்டும். இது மஞ்சள் சோளத்தை ரவை போல உடைத்தது, விரலில் நெருடும். ஐந்து நிமிட வகை முன்பே அவித்து உலர்த்தியது. அவசரத்துக்கு உதவும், ஆனால் நான் வாங்கியதில் சோள வாசமே இல்லை.

இத்தாலியின் வடக்கே பெர்கமோவில் இருக்கும் சின்னண்ணா லீவில் வந்திருந்தார். பொலெந்தா வட இத்தாலிச் சாப்பாடு. தெற்கில் உள்ளவர்கள் வடக்கத்தியரைப் 'பொலெந்தோனி', அதாவது பொலெந்தா தின்னிகள், என்றே கேலி செய்வார்களாம். அண்ணாவுக்காகத்தான் அந்தச் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு. வீட்டில் எட்டுப் பேர். சனி போயா (பௌர்ணமி விடுமுறை), கடைகளில் இறைச்சி இருக்காது என்பதால் பன்றி இறைச்சி சொசேஜை வெள்ளியே வாங்கி வைத்தேன். ஹொட் டோக்குக்கு வரும் வழுவழுப்பானது சரிவராது, கொத்திய இறைச்சி அடைத்த பச்சைச் சொசேஜ் வேண்டும்.

500 கிராம் மாவுக்கு இரண்டரை லீட்டர் தண்ணீர். உப்புப் போட்டுக் கொதித்ததும் ஒரு கையால் மாவைத் தூவ, மறு கையால் கிண்ட வேண்டும். எனக்குக் கட்டி விழும் என்று பயம். "உளுத்தங்களி கிண்டுற உனக்கு இது என்ன வேலை, தங்கச்சி?" என்றார் அண்ணா. உண்மைதான், கை தானாகப் பழகிவிட்டது. முதல் பத்து நிமிடம் விடாமல் கிண்டினேன். அப்புறம் நெருப்பைக் குறைத்து, மூடி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறினால் போதும். காஸ் செலவு கூடத்தான், அதை மறைக்க மாட்டேன். முப்பதாவது நிமிடத்தில் வீடு முழுக்க அவித்த சோளத்தின் வாசம் வந்தது. சட்டியின் ஓரத்தை விட்டுக் கழன்று வந்ததும் பட்டரும் துருவிய சீஸும் சேர்த்து இறக்கினேன்.

பக்கத்து அடுப்பில் சொசேஜை முறுக வாட்டி எடுத்து, அதே கொழுப்பில் வெங்காயம், உள்ளி, தக்காளி, இடித்த பெருஞ்சீரகம். இத்தாலியிலும் சொசேஜுக்குப் பெருஞ்சீரகம் போடுவார்கள், அதனால் எங்கள் நாக்குக்கு அந்நியமாகவே இல்லை. பன்றி சாப்பிடாத அப்பாவுக்குக் காளான் போட்டுத் தனியாக ஒரு குழம்பு.

அமெரிக்காவிலிருந்து சோளம் வருமுன் இத்தாலியில் தினையிலும் இதைக் கிண்டினார்கள் என்று அண்ணா சொன்னார். "அப்ப இது எங்கட களிதானே" என்று அப்பா இன்னொரு அகப்பை கேட்டார். 79 வயது, பல் சரியில்லை, இரவில் பாதிச் சாப்பாட்டை ஒதுக்குகிறவர். அன்று கோப்பையை வழித்துச் சாப்பிட்டார்.

குறை இரண்டு. இறக்குமதி செய்தவர்களின் ஸ்டிக்கர், வேகும் நேரம் அச்சடித்த இடத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறது. புதிதாக வாங்குகிறவர் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டு, வேகாத மாவைச் சாப்பிட்டு வெறுத்துவிடுவார். அடுத்தது, பக்கெட்டைத் திரும்ப மூட வழியில்லை. கொழும்புப் புழுக்கத்துக்கு வண்டு வந்துவிடும், மிச்சத்தைப் போத்தலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மிஞ்சியதைத் தட்டில் பரப்பி வைத்தேன். காலையில் துண்டு போட்டு, தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க வாட்டி, கட்டைச் சம்பலோடு கொடுத்தேன். அண்ணாவின் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டைவிட அதைத்தான் அதிகம் கேட்டார்கள்.