ஓசூரா, சந்தாபுராவா? ஒரே நெடுஞ்சாலையில் இரண்டு வாடகை வீடுகள்

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பையன்கள் முதல் வாரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, ஓசூர்ல வீடு பார்க்கட்டுமா, இந்தப் பக்கமே சந்தாபுரால பார்க்கட்டுமா?" கம்பெனி இருப்பது பொம்மசந்திரா தொழிற்பேட்டையில். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று வரிசையாக வந்து, அதைத் தாண்டினால் ஜூஜூவாடி. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். அப்புறம் ஓசூர். இரண்டு ஊரிலும் குடியிருந்தவன் என்பதால் கேள்வி என்னிடம்தான் வரும். 2017 முதல் 2024 வரை சந்தாபுராவில் இருந்தோம். 2024 மே மாதம் ஓசூருக்கு மாறினோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் ஓசூர் கட்சி. ஆனால் பையன்கள் நினைக்கிற மாதிரி வாடகை மட்டும் அதற்குக் காரணமில்லை.

வாடகையை முதலில் முடித்துவிடலாம். சந்தாபுராவில் காலி செய்தபோது இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 15,000, மெயின்டனன்ஸ் 2,000. ஓசூரில் அதே அளவு தனி வீட்டின் மாடிக்கு 10,500 பேசினோம். மெயின்டனன்ஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பெங்களூர் வழக்கப்படி அங்கே அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள். இங்கே பேசினால் ஐந்துக்கு இறங்குகிறார்கள். மாதம் 6,500 மிச்சம் என்று கணக்குப் போடாதீர்கள். சந்தாபுராவிலிருந்து எனக்கு வண்டியில் பதினைந்து நிமிடம். ஓசூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், நல்ல நாளில் முக்கால் மணி நேரம். கூடுதல் பெட்ரோலுக்கு ஆயிரத்து ஐந்நூறு போய்விடும். கார் என்றால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியும் சேரும். கையில் நிற்பது ஐயாயிரம். அதற்காகத் தினமும் ஒரு மணி நேரத்தைக் கூடுதலாக ரோட்டில் விடுகிறேன். வெறும் இந்தக் கணக்கை வைத்து முடிவெடுத்திருந்தால் நான் மாறியிருக்கவே மாட்டேன்.

குளிர் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். காய்கறிக்கு ஓசூர் உழவர் சந்தையை அடித்துக்கொள்ள முடியாது; பீன்ஸும் தக்காளியும் சுற்றுவட்டாரத்திலேயே விளைகிறது. பெரிய நோய் என்றால் இரண்டு ஊர்க்காரர்களும் பொம்மசந்திரா நாராயணா மருத்துவமனைக்கோ, மூளை நரம்பு சமாச்சாரம் என்றால் பெங்களூர் நிம்ஹான்ஸுக்கோதான் ஓட வேண்டும். மின்சாரத்தில் கர்நாடகம் தாராளம். அங்கே கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்காரர்களுக்கும் உண்டு (ஆனால் உங்கள் பழைய சராசரியை ஒட்டித்தான் உச்சவரம்பு வைப்பார்கள்). தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சந்தாபுராவில் கடைசி வருடம் நாங்கள் கரண்ட் பில்லே கட்டவில்லை. இதில் ஓசூருக்கு வக்காலத்து வாங்க என்னிடம் ஒன்றுமில்லை.

தண்ணீரில் கதை திரும்பும். சந்தாபுராவில் நாங்கள் இருந்த அடுக்ககம் முழுக்க போர்வெல்லை நம்பியது. 2024 கோடையில் பெங்களூர் முழுக்கத் தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது எங்கள் போரும் காற்றுதான் இறைத்தது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்கள் நின்று, "டேங்கர் எப்ப வரும்" என்பதே பேச்சாகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் மெயின்டனன்ஸ் இரட்டிப்பு. ஓசூருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. ஃபுளோரைடு பாதிப்புள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் கடனுதவியில் கட்டி, 2013-ல் திறந்த திட்டம் அது. எங்கள் தெருவுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை விடுகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம், மற்றதற்கு போர். ஆனால் நாங்கள் வந்தபின் 2024 மாதிரி ஒரு கோடை இன்னும் வரவில்லை. அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்ததில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி நான் ஏன் மாறினேன் என்பது.

2023 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தோம். பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. என் அம்மா கண்ணாடியைத் தேடிக் களைத்து, பேத்தியிடம் நீட்டி "முகூர்த்தம் எத்தனை மணிக்குன்னு படிச்சுச் சொல்லு சாமி" என்றார். மகளுக்கு அப்போது எட்டு வயது. பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆயா, இதுல இங்கிலீஷ் இல்லையே" என்றாள். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை.

தப்பு பள்ளிக்கூடத்துடையது அல்ல. கர்நாடகத்தில் 2015-ல் வந்த சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். நியாயம்தான், இங்கே 2006 சட்டப்படி தமிழ் கட்டாயம். அவள் கன்னடம் எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசினாள், இன்றும் பேசுவாள். ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று மூன்று ஏற்கெனவே தலையில் இருக்க, நான்காவதாகத் தமிழை வீட்டில் சொல்லிக்கொடுக்க நானும் என் மனைவியும் ஒரு வருடம் முயன்றோம். ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தால் அவளுக்கு முன்னால் எனக்கே தூக்கம் வந்துவிடும்.

மொழியோடு முடிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஏதாவது தேடியிருப்பேன். என் கூட வேலை செய்யும் மூத்தவர் ஒருவர், சேலத்துக்காரர், அவர் பையன் சந்தாபுராவிலேயே பியூசி (நம்ம ஊர் பிளஸ் டூ) முடித்தவன். அவர்தான் கேண்டீனில் உட்கார வைத்து விளக்கினார். எங்கள் சாதிச் சான்றிதழில் எம்பிசி என்றிருக்கும். தமிழ்நாட்டில் எம்பிசிக்கு 20 சதவீத ஒதுக்கீடு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. கர்நாடக அரசின் கலந்தாய்வில் என் மகள் பொதுப் பிரிவு. அதிலும் அங்கே மாநில இடத்துக்குப் போட்டியிட, ஏழு வருடமாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. ஆறு வருடம் அங்கே, ஆறு வருடம் இங்கே என்று பாதியில் மாறிய பிள்ளைக்கு அந்தக் கணக்கு இடிக்கும். இன்ஜினியரிங் என்றால் அங்கே பியூசி மதிப்பெண் பாதி, சிஇடி நுழைவுத் தேர்வு பாதி. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்துப் பல வருடமாகிறது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளை இருப்பிடச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை.

வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கதவு மூடிவிடுவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். சொந்த ஊர் முகவரியை வைத்து இருப்பிடச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். சேலத்துக்காரர் அப்படித்தான் செய்தார். ஆனால் இரண்டு பாடத்திட்டம், இரண்டு கவுன்சலிங், கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும் நடுவே ஓட்டம். "உன் பொண்ணு இப்ப மூணாவதுதானே, இப்பவே தாண்டிடு. எட்டாவதுக்கு மேல தாண்டினா ரெண்டு பக்கமும் இல்ல" என்றார் அவர். அரசுப் பள்ளியில் போட முடிகிறவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், இன்ஜினியரிங் இரண்டிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பெண் பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம். எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த பிள்ளைக்கு இவை இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "வாடகை குறையும்னு நீ ரெண்டு வருஷமா சொல்ற, நான் கேட்கல. இதை மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ சாமான் கட்டியிருப்பேன்" என்றாள்.

ஓசூரில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். முதல் ஆறு மாதம் ர, ற, ல, ள, ழ எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள், சிலர் கன்னடம், சிலர் உருது. அதனால் தமிழ் தடுமாறுவது அங்கே கேலிக்குரிய விஷயமே இல்லை. இது நான் எதிர்பாராத லாபம். சேலத்திலோ தர்மபுரியிலோ சேர்த்திருந்தால் இவளை ஒருவழி பண்ணியிருப்பார்கள்.

வண்டிக் கதையும் இதே காகிதக் கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். என் பைக் டிஎன் 29, தர்மபுரிப் பதிவு. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சந்தாபுராவில் இருந்தவரை சோதனையில் நிறுத்தினாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் தப்பு என் பக்கம். தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே ஆயுள் வரி கட்டி, இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு எழுதி... நான் செய்யவில்லை. இப்போது வண்டி இரவில் தூங்குவது ஓசூரில். நிறுத்தினால் ஆதாரில் உள்ள முகவரியைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

ஓசூரில் இருந்து பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவன் மறைக்கக் கூடாத கஷ்டம் ஒன்று உண்டு: பந்த். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது நான் ஓசூரில் தனி அறை எடுத்திருந்தேன்; மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளைக் கொளுத்தினார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்திப்பள்ளி வரை நடப்போம். முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான பேர், கையில் குழந்தையோடு பெண்கள், நடுவில் வெறிச்சோடிய ஆறுவழிச் சாலை. 2023 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு பந்த் நடந்தது. அப்போது நான் சந்தாபுராவில் இருந்ததால் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். ஓசூரிலிருந்து வரும் நண்பர்களுக்கு இரண்டு நாள் சம்பளம் போனது. 2020 கொரோனா சமயத்தில் வேலைக்குப் போய்வரவே இ-பாஸ் வேண்டியிருந்தது. இவை வருடம் முழுக்க நடப்பவை அல்ல, ஆனால் நடக்கும்போது எல்லை வெறும் பெயர்ப்பலகை இல்லை என்று புரியும்.

இரண்டாவது கஷ்டம் போக்குவரத்து. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோ திறந்தபின் பொம்மசந்திராவில் ஏறினால் ஆர்வி ரோடு வரை நெரிசல் தெரியாமல் போகலாம். சந்தாபுராக்காரருக்கு இது பெரிய வரம்; ஷேர் ஆட்டோ பிடித்தால் ஸ்டேஷன். ஓசூர்க்காரர் அந்த ஸ்டேஷன்வரை வந்து சேர்வதற்குள் சந்தாபுரா சந்திப்பில் பாதி உயிர் போய்விடும். ரயில் இருக்கிறது, ஆனால் நேரம் நமக்கு ஒத்துவர வேண்டும், எனக்கு ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை என்றால், பெங்களூரே சேலம் பக்கம் கிளம்பியது போல இருக்கும். அன்று நான் வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்புவேன்.

ஆகவே கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது ஒரே மாதிரி இருக்காது. கல்யாணமாகாதவன், இரவு ஷிப்ட் உள்ளவன், கணவன் மனைவி இருவரும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் சந்தாபுராதான் சரி. பிள்ளை ஒன்றாம் வகுப்பைத் தொடுகிறதா, ஓசூரில் வீடு பாருங்கள். என்னோடு வேலை செய்யும் மைசூர்க்காரர் ஒருவர் வாடகைக்காக ஓசூருக்கு வரப் பார்த்தார். வேண்டாம் என்று நானே தடுத்தேன். அவர் காகிதமெல்லாம் அந்தப் பக்கம், அவருக்கு என் கணக்கு அப்படியே தலைகீழ். வீடு வாங்குவது பற்றி என்னைக் கேட்காதீர்கள். நான் வாடகைக்காரன். சந்தாபுரா லேஅவுட்களின் கத்தா (சொத்துவரிப் பதிவு) விவகாரமும் எனக்குப் புரியாது, ஓசூர் மனை விலையும் புரியாது.

ஓசூரில் மனை விற்பவர்கள் எல்லோரும் மெட்ரோ வருகிறது, விமான நிலையம் வருகிறது என்கிறார்கள். 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். பொம்மசந்திரா மெட்ரோவை ஓசூர் வரை நீட்டவும் ஆய்வு நடந்தது; தமிழ்நாட்டுக்காக அதை நடத்தியது சென்னை மெட்ரோ நிறுவனம். பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட்டில், மின்சாரத்துக்கென்றே பக்கத்தில் போட்ட மூன்றாம் தண்டவாளத்தை நம்பி ஓடுகிறது, சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மேல்கம்பியில். இரண்டு அரசும் எந்த மின்சாரத்தில் கைகுலுக்கும் என்பதே இன்னும் தீராத பஞ்சாயத்து. ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு அது வந்தே விட்டது. போன மாதம் மாடியேறி வந்து, "மெட்ரோ வருதுல்ல சார், ஆயிரம் ஏத்திக் குடுங்க" என்றார். "ரயில் வரட்டும் சார், அன்னிக்கே ஆயிரத்து ஐந்நூறா தர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஐந்நூறுக்கு இறங்கினார்.