ஓடு பிரிச்ச கழிவுக்கு டிராக்டர் பெட்டி வாடகைக்கு எடுத்த அனுபவம் (கன்னியாகுமரி மாவட்டம், திங்கள்சந்தை பக்கம்)

பழைய ஓட்டு வீட்டுக்கு கூரை மாத்த போறவங்க ஆசாரி கூலி, பைப்பு ரேட்டு, ஓட்டு ரேட்டு எல்லாம் நாலு எடத்துல விசாரிப்பாங்க, ஆனா பிரிச்சு போடுற ஒடஞ்ச ஓடும் உளுத்த கழுக்கோலும் (ஓட்ட தாங்குற சரிவு மரம்) மண்ணும் எதுல போகும், எங்க போகும்னு யாரும் கேக்கறது இல்ல. நானும் கேக்கல, அதனாலதான் இத எழுதுறேன்.

எங்க வீடு தாத்தா கட்டினது, சீமை ஓடு, பனங்கழுக்கோல். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல மோட்டு ஓடு பாதி பறந்து போச்சு, அப்பா அத சிமெண்ட் வச்சு பூசி மேல பச்சை பெயிண்ட் அடிச்சு விட்டாரு, அந்த பூச்சுலதான் இவ்வளவு நாளும் ஓடிச்சு. இந்த தடவ எடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்குல தொடங்குற தென்மேற்கு பருவமழை) முன்ன முடிச்சிரணும்னு பங்குனி கடைசியில வேலைய தொடங்கினோம், இரும்பு பைப்புல டிரஸ் (கூரைச் சட்டம்) போட்டு மேல திரும்பவும் ஓடுதான்.

ஒரு ஓடு ரெண்டு, ரெண்டரை கிலோ வரும். ஒரு சதுரத்துக்கு (100 சதுர அடி) 140, 150 ஓடு. எங்க கூரை சரிவையும் சேர்த்து 12 சதுரம், அப்போ 1700 ஓடுக்கு மேல, கிட்டத்தட்ட நாலு டன்னு, அதுக்கு மேல மரம் மண்ணு வேற. குட்டியானை தாங்குறது முக்கா டன்னுதான், அதுல அள்ளினா எத்தன நட போகணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

மொதல்ல ஒரு டெம்போக்காரர கூப்பிட்டேன், லோடுக்கு 2500 சொன்னாரு, எங்க கொண்டு தட்டுவீங்கன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம் சார்"ன்னாரு. நானும் விட்டுட்டேன். மறுநாள் அம்மா கோயிலுக்கு போயிட்டு வரும்போது குளத்தங்கரையில நின்னுக்கிட்டு போன் பண்றாங்க, "மக்களே, இஞ்ச கெடக்கது நம்ம ஓடுல்லா"ன்னு. ஓடிப்போய் பாத்தா அப்பா அடிச்ச அதே பச்சை பெயிண்ட், கரையில இருந்து தண்ணி வரைக்கும் சரிஞ்சு கெடக்கு. எனக்கு கையும் காலும் ஓடல. 2021 நவம்பர் வெள்ளத்துல குளமும் கால்வாயும் ஒடஞ்சு ஊருக்குள்ள தண்ணி ஏறினத பாத்தவங்க நாங்க, அந்த குளத்துலயே எங்க வீட்டு கழிவு. 2016-ல வந்த கட்டுமான இடிப்பு கழிவு விதியிலயும் கழிவுக்கு பொறுப்பு அத உண்டாக்கினவங்கதான்னு இருந்துச்சு, ஓடையில சாக்கடையில போய் அடைக்காம பாத்துக்கணும்னு தெளிவா சொல்லியிருந்துச்சு. டெம்போக்காரரு அதுக்கப்புறம் போன எடுக்கல.

அப்போதான் எங்க ஆசாரி சொல்லி டிராக்டர் வச்சிருக்க ஒரு அண்ணன் வந்தாரு. அவர் செஞ்சது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. பெட்டிய (டிரெய்லர) மட்டும் நம்ம முத்தத்துல கழட்டி விட்டுட்டு டிராக்டர கொண்டு போயிடுவாரு, நெறஞ்சதும் கூப்பிட்டா வந்து மாட்டிட்டு போவாரு. அமெரிக்காவுல இருக்க என் மச்சான் சொல்வான், அங்க கூரை மாத்தினா டம்ப்ஸ்டர்னு பெரிய இரும்பு பெட்டிய வாசல்ல வச்சிட்டு போவாங்க, 20 கன கெஜ பெட்டின்னா 540 கன அடி, நம்ம கணக்குல (யூனிட்டுக்கு 100 கன அடி) அஞ்சரை யூனிட்டு கிட்ட, வெயிட் கூடினா தனி காசு, அதனால ஓடு மாதிரி கனத்த சாமானுக்கு சின்ன பெட்டிதான் எடுக்கணுமாம். நம்ம பெட்டி ஒரு யூனிட்டுதான் கொள்ளும், ஆனா காரியம் அதேதான். எறவாணத்துக்கு கீழயே பெட்டி நிக்கதால மேல இருந்து கைமாத்தி நேரா அதுக்குள்ள எறக்கலாம், தரையில போட்டு திரும்ப அள்ளுற கூலி அப்படியே மிச்சம்.

வந்த ஒடனே அவர் கேட்ட மொத கேள்வியே "தம்பி, செப்டிக் டேங்க் எங்க இருக்கு?" மூணு டன்னு பெட்டி அந்த சிலாப் மேல நின்னா என்ன ஆகும், எனக்கு அது தோணவே இல்ல. செம்மண்ணுல சக்கரம் எறங்காம இருக்க பலக போட்டு, டயருக்கு கட்ட வச்சாரு. மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஓட்டோட சேக்காதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு, ஏன்னா ஓட்டுத் துண்டு போறது வில்லுக்குறி பக்கம் ஒரு வீட்டு அஸ்திவாரம் நெரப்ப, அதுல மரம் கெடந்தா செதல் புடிக்கும். அந்த எடத்துக்கு என்னையும் கூட்டிட்டு போய் காட்டினாரு. நல்ல ஓடு ஒரு 500 தேறிச்சு, அத தனியா அடுக்கி வச்சு வித்தோம். குளத்துல கெடந்ததையும் ரெண்டு ஆள வச்சு அள்ளி கொண்டு வந்தாரு, அதுக்கு அர நாள் கூலி நான் குடுத்தேன், குடுக்க வேண்டியதுதான்.

குறை சொல்லணும்னா ரெண்டு. ரெண்டாவது நாள் காலையில ஏழு மணிக்கு வரேன்னு சொல்லிட்டு பத்துக்குதான் வந்தாரு, பெட்டி நெறஞ்சு நிக்கி, மேல நாலு ஆளு சும்மா உக்காந்து சாயா குடிக்காங்க, அவங்க கூலி எனக்கு நஷ்டம். இன்னொண்ணு, அடுக்களை சாய்ப்புல கெடந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்ட அவர் எடுக்க மாட்டேன்னுட்டாரு. அதுல கோபம் இல்ல, ஒடச்சா பறக்குற தூசு நுரையீரலுக்கு ஆகாது, தண்ணி தெளிச்சு ஒடைக்காம முழுசா எறக்குங்கன்னு அவர்தான் சொல்லி தந்தாரு. ஒம்பது ஷீட்டு பாலித்தீன்ல சுத்தி வெளையில (தோட்டத்துல) ஒரு மூலையில இருக்கு, அத எங்க குடுக்கணும்னு பஞ்சாயத்துல கேட்டிருக்கேன்.

மூணு நாள், குளத்துல அள்ளினதையும் சேர்த்து மூணு லோடு, மொத்தம் 7500. ஒவ்வொரு லோடும் தார்ப்பாய் கட்டிதான் ரோட்டுல எறக்கினாரு. அவர்கிட்ட கேக்காம நம்பர் இங்க போடல, திங்கள்சந்தை, இரணியல், நெய்யூர் பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, கேட்டுட்டு தாறேன். மழை தொடங்கிட்டா முத்தத்துல பெட்டி நிக்காது, சக்கரம் பொதஞ்சிரும்னாரு, அதனால சித்திரைக்குள்ள கூப்பிட்டுக்கிடுங்க.