குடைக்கோரை: கொழும்பு வளவில் சில வருடங்களுக்குப் பிறகு

வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் கோரையைத் தேடினால் இணையத்தில் கண்ணில் படுபவை பெரும்பாலும் கேரெக்ஸ் (Carex) என்ற கோரை இனத்தின் வகைகள். மஞ்சள் கோடு போட்ட 'எவர்கோல்ட்' அழகுதான், ஆனால் அதன் பூர்வீகம் ஜப்பான். கொழும்பின் இரவுப் புழுக்கத்தில் நடுக்குருத்து எளிதில் அழுகும். குளிரான நுவரெலியாவில் வீடிருந்தால் வாங்கலாம். இங்கே நம்பி வைக்கக்கூடியது, தண்டின் உச்சியில் இலைகள் குடைபோல விரியும் குடைக்கோரை.

12 அங்குலச் சாடிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு கூட்டெரு. தும்புத்தூள் வேண்டாம், தண்ணீரில் வைத்தால் மிதந்து வெளியே வந்துவிடும். முழு வெயிலைத் தாங்கும் செடிதான். ஆனாலும் ஜனவரி, பெப்ரவரியில் மண் காய்ந்தால் இலை நுனி பழுப்பாகும். அதைப் பசி என்று நினைத்து உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். உப்புச் சேர்ந்து கருகல் இன்னும் கூடுகிறது. முதலில் ஈரத்தைப் பாருங்கள்.

சாடிக்குக் கீழே நீர்த்தட்டு இருந்தால் செடிக்குக் கொண்டாட்டம், நுளம்புக்கும்தான். டெங்கு உள்ள ஊரில் தட்டை விளிம்புவரை மணலால் நிரப்புங்கள்: ஈரம் நிற்கும், திறந்த நீர் நிற்காது. தண்ணீர்த் தொட்டிக்குள் வைப்பதென்றால் கப்பி மீன் விடவேண்டும்.

மஞ்சளான தண்டை நடுவில் வெட்டினால் மீண்டும் துளிர்க்காது, குச்சியாக நின்று அசிங்கமாக இருக்கும். புதுத்தண்டு மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டிலிருந்தே வருவதால் அடியோடு வெட்டுங்கள்.

முதல் வருடம் வேலையே இல்லை. இரண்டாம் வருடத்துக்குள் வேர் சாடியை அடைத்துவிடும். ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் ஓரத்தால் ஓடும், மண்சாடியென்றால் வெடிக்கவும் கூடும். மே மழை தொடங்கும்போது கவிழ்த்து, பழைய அரிவாளால் பிளந்து, நான்கைந்து முளையுள்ள ஓரத்துண்டுகளை நட்டுவிட்டு, கட்டையாகிப்போன நடுப்பகுதியை எறிந்துவிடலாம். கன்று மட்டும் போதுமென்றால் ஒரு குடையை 5 செ.மீ. தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் வையுங்கள்; இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், காரணம் மீண்டும் நுளம்பு.

வெட்டிய குடைகளைக் கால்வாயில் எறியாதீர்கள். ஆபிரிக்காவிலிருந்து வந்த இச்செடி ஈரநிலத்தில் விழுந்த இடத்திலேயே வேர்பிடிக்கும். கொழும்போ 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர்.

வாங்கும்போது மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நல்லது. கறுத்த சிறு கிழங்குகள் தட்டுப்பட்டால் களைக்கோரையும் கூடவே வருகிறது. அதை மேலே பிடுங்கினால் கிழங்கு அறுந்து உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். அந்தச் சாடியை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள்.