46 துண்டுப் பெட்டியா, தனித்தனி ஸ்பேனர்களா: ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

வீட்டிலேயே ஆயில் மாற்றவும், செயினை இறுக்கவும், பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யவும் விரும்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 46 துண்டு சாக்கெட் பெட்டியாகத்தான் இருக்கிறது. வரிசையாக மின்னும் சாக்கெட்டுகள், ஒரு ராட்செட் கைப்பிடி, ஏராளமான பிட்டுகள் என்று திறந்தவுடன் கண் நிறையும். ஆனால் ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிக்கு அருகில் அதை வைத்து வேலையைத் தொடங்கினால், மேலே சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டியால் முடிக்க இயலாது.

காரணம் எளியது. அது கால் அங்குல டிரைவ் கொண்ட பெட்டி; அதாவது ராட்செட்டில் சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவு கால் அங்குலம். அதன் சாக்கெட்டுகள் 4 மில்லிமீட்டரில் தொடங்கி 14-இல் முடிந்துவிடுகின்றன. ஸ்ப்ளெண்டரின் ஆயில் வடிக்கும் போல்ட் 17 மி.மீ.; பின்சக்கர அச்சு நட்டு அதைவிடப் பெரியது; பிளக்கிற்கோ 16 மி.மீ. அளவில் ஆழமான குழல் ஸ்பேனர் தேவை. எனவே எண்ணிக்கையில் 46 இருந்தும் தேவையான மூன்றும் அதில் இல்லை. மாறாக, நம் வண்டியில் எங்குமே பொருந்தாத 4.5, 5.5, 11, 13 போன்ற அளவுகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. சைடு பேனல், நம்பர் பிளேட், இண்டிகேட்டர் போன்ற 8 மற்றும் 10 மி.மீ. போல்ட்டுகளுக்கு அந்தப் பெட்டி நன்றாகவே உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் பயன்படுத்திய பெட்டியின் ராட்செட், துருப்பிடித்த 14 மி.மீ. போல்ட் ஒன்றில் சற்று அழுத்தம் கொடுத்ததுமே உள்ளே பல் நழுவத் தொடங்கியது. அந்தச் சிறிய கைப்பிடி அத்தகைய வேலைக்கு ஆனதன்று.

கருவி வாங்குவதற்கு முன் வண்டியின் வரலாற்றைச் சற்று அறிந்திருப்பது பணத்தை மிச்சப்படுத்தும். 1994-இல் சந்தைக்கு வந்த ஸ்ப்ளெண்டர், ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டாக இருந்த காலத்து வண்டி. அதன் எஞ்சின் ஹோண்டாவின் வடிவமைப்பிலிருந்து வந்தது. ஜப்பானியத் தரமுறையில் 8 மி.மீ. மரை கொண்ட போல்ட்டின் தலை 12 மி.மீ. அளவிலும், 10 மி.மீ. மரை கொண்டதன் தலை 14 மி.மீ. அளவிலும் இருக்கும். ஐரோப்பிய முறையில் அதே 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 ஸ்பேனர் வேண்டும். இதனால்தான் பட்டறையில் மெக்கானிக்கின் கை 10, 12, 14, 17 என்ற எண்களையே சுற்றிச் சுற்றி வருகிறது. இந்த நான்கோடு 8-ஐயும், பின் அச்சு நட்டின் அளவையும் சேர்த்துக்கொண்டால் வீட்டு வேலையில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அடுத்ததாக, ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் டபாரியா நிறுவனத்தின் எட்டு ஸ்பேனர் தொகுப்பு. 6x7, 8x9, 10x11 என்று தொடங்கி 20x22 வரை செல்லும், இருமுனையும் திறந்த வாயுள்ள ஸ்பேனர்கள் இவை. உலோகத்தின் தரத்திலும் வாயின் பொருத்தத்திலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. விலைக்கு மிஞ்சிய உழைப்பைத் தருகின்றன. என் தயக்கம் வடிவத்தைப் பற்றியது. திறந்த வாய் ஸ்பேனர் போல்ட்டின் ஆறு பக்கங்களில் இரண்டை மட்டுமே பற்றுகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் படிந்து இறுகிப்போன போல்ட்டில் அதை மாட்டி முழு பலத்தையும் கொடுத்தால், ஸ்பேனர் வழுக்கி, போல்ட்டின் முனைகள் மழுங்கிப் போகின்றன. முனை மழுங்கிய போல்ட்டைப் பிறகு எடுப்பது தனி வேலை. ரிங் ஸ்பேனரோ தலையை முழுவதும் சுற்றிப் பிடிக்கிறது. ஆகவே ஒரு பக்கம் வளையமும் மறு பக்கம் திறந்த வாயும் கொண்ட காம்பினேஷன் ஸ்பேனர்களையே நான் பரிந்துரைப்பேன். அதிலும் தொகுப்பாக வாங்காமல் 10, 12, 14, 17 ஆகியவற்றை உதிரியாக வாங்குவது நல்லது. செயின் அட்ஜஸ்டரில் ஒரு நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் மேல் இருக்கும் பூட்டு நட்டைத் தளர்த்த வேண்டியிருக்கும்போது, ஒரே அளவில் இரண்டு ஸ்பேனர்கள் தேவைப்படும். தொகுப்பில் ஒவ்வொன்றும் ஒன்றுதான் இருக்கும்.

பட்டறைக்காரர்கள் அதிகம் நம்பும், ஆங்கில T எழுத்து வடிவிலான டி ஸ்பேனரை வீட்டில் யாரும் வாங்குவதில்லை என்பது எனக்கு வியப்பளிக்கிறது. தளர்ந்த போல்ட்டை அதன் நீண்ட தண்டில் விரல்களால் சுழற்றியே வெளியே எடுத்துவிடலாம். 8, 10 அளவுகளில் இரண்டு வாங்கினால் 46 துண்டுப் பெட்டியின் பயனுள்ள பகுதி அனைத்தும் கிடைத்துவிடுகிறது, ராட்செட்டின் பலவீனம் இல்லாமல்.

திருப்புளி விஷயத்தில்தான் பலருக்கும் ஏமாற்றம். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கூட்டல் குறித் தலை கொண்ட ஸ்க்ரூக்கள் பார்ப்பதற்கு வழக்கமான பிலிப்ஸ் போலவே இருந்தாலும், பல இடங்களில் அவை ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தவை. தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அதுதான் அடையாளம். பிலிப்ஸ் திருப்புளி அதன் பள்ளத்தில் முழுவதும் இறங்காது. திருப்பும்போது மேலெழும்பி, பள்ளத்தை வழித்துவிடும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் கிண்ணத்தின் ஸ்க்ரூவை இப்படி வழித்துவிட்டால் துன்பம்தான். வெஸ்ஸல் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இதற்கென்றே திருப்புளிகளைச் செய்கின்றன. விலை கூடுதல்தான், இரண்டாம் எண் அளவில் ஒன்று இருந்தால் போதும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் ஆம் என்பதே, ஆனால் சரியான வரம்புள்ளதாக இருக்க வேண்டும். கடையில் கேட்டவுடன் எடுத்துக் காட்டப்படும் அரை அங்குல ரெஞ்ச் பெரும்பாலும் 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் திருப்புவிசையின் அலகு) வரை அளப்பது. அது கார் சக்கரத்துக்கானது. இத்தகைய சிறு எஞ்சின்களில் ஆயில் போல்ட்டுக்கு ஏறத்தாழ 25, பிளக்கிற்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் அளவே போதும் என்பதால், அந்த ரெஞ்சின் கீழ் வரம்புக்கும் அடியில் நம் வேலை கிடக்கிறது. ஆயில் போல்ட் இறங்குவது அலுமினிய உடலுக்குள். கூடுதலாக இறுக்கினால் எஃகு போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் மரைதான் போய்விடும். 5 முதல் 25 வரை அளக்கும் கால் அங்குல ரெஞ்சில் 25 கடைசி எல்லையில் வருகிறது. எனவே 10-இல் தொடங்கி 50 அல்லது 60 வரை செல்லும் 3/8 அங்குல ரெஞ்சைக் கேட்டு வாங்குவது பொருத்தம். இறுகிய போல்ட்டைத் தளர்த்த அதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

வண்டியோடு வரும் கருவிப் பையைத் தூக்கி எறிய வேண்டாம். அதிலுள்ள தகட்டு ஸ்பேனர்கள் அவசரத்துக்கு மட்டுமே உதவும் என்றாலும், குழல் வடிவப் பிளக் ஸ்பேனர் சிலிண்டர் தலையின் இடுக்கில் சரியாக நுழையும்படி செய்யப்பட்டது. தனியாக வாங்க வேண்டியதில்லை. அதோடு, பிளக்கின் முனைகளுக்கு இடையிலான இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். என்ஜிகே நிறுவனப் பிளக்கின் குறியீடு -9 என்று முடிந்தால் இடைவெளி 0.9 மி.மீ. வரை என்று பொருள். செயினின் தளர்ச்சியைப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். முழுமையாக மூடிய செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து விரலால் அசைத்தாலே தெரியும்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, உதிரியாக விற்கும் கடைகளையே நான் விரும்புகிறேன். சென்னையில் பாரிமுனைப் பக்கம் செல்வோருக்கு அத்தகைய கடைகள் கிடைக்கும். பழைய 12, 17 போல்ட்டுகள் இரண்டைக் கையோடு எடுத்துச் சென்று, ஸ்பேனரை மாட்டி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தாலும் அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லலாம்.