பார்தாலியா, கோப்பியா? இத்தாலியச் சைக்கிள் பந்தயத்தின் இரு பெரும் வீரர்கள்: ஓர் ஒப்பீடு

1940ஆம் ஆண்டு மே மாதம், பல நாள்கள் நடக்கும் இத்தாலியச் சைக்கிள் பந்தயமான ஜிரோ தி இத்தாலியா தொடங்கியபோது, லென்யானோ அணியில் யார் தலைவர், யார் துணைவர் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இருமுறை ஜிரோவையும் ஒருமுறை டூர் டி பிரான்ஸையும் வென்றிருந்த 25 வயது ஜீனோ பார்தாலிதான் தலைவர். தேவைப்பட்டபோது அவருக்குத் தண்ணீரும் சக்கரமும் கொடுத்து உதவுவதற்காகச் சேர்க்கப்பட்டவர் 20 வயது ஃபவுஸ்தோ கோப்பி. இரண்டாம் நாளே மலை இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடிவர, பார்தாலி விழுந்து காயமடைந்தார். சில நாள்கள் கழித்துக் கோப்பி கொட்டும் மழையில் அபெத்தோனே மலையைக் கடந்து மோதெனாவுக்குத் தனியாக வந்து சேர்ந்து, முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்தார். பிறகு தொலொமீதி மலைகளில் உடல் சோர்ந்து விலகிவிட முனைந்த அந்த இளைஞரின் முகத்தில் பனியை அள்ளித் தேய்த்து, ‘நீ தண்ணீர் சுமக்கத்தான் லாயக்கு’ என்று ஏசி, மீண்டும் சைக்கிளில் ஏற்றிவிட்டவர் பார்தாலியே என்று சொல்வார்கள். ஜூன் 9 அன்று பந்தயம் முடிந்தபோது வெற்றி கோப்பியுடையதாக இருந்தது. மறுநாள் இத்தாலி உலகப் போரில் இறங்கியது.

அன்று தொடங்கிய போட்டி இத்தாலியை இரு முகாம்களாகப் பிரித்தது. பார்தாலியின் ரசிகர்கள் ‘பார்தாலியானி’ என்றும், கோப்பியின் ரசிகர்கள் ‘கோப்பியானி’ என்றும் அழைக்கப்பட்டார்கள். இருவரில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு எண்களை மட்டும் வைத்து விடை சொல்வது எளிது. ஆனால் அந்த விடை பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்கவே இந்த ஒப்பீடு.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். கோப்பி ஐந்து முறை ஜிரோவை வென்றார் (1940, 1947, 1949, 1952, 1953). பார்தாலி மூன்று முறை (1936, 1937, 1946). டூர் டி பிரான்ஸில் இருவருக்கும் இரண்டிரண்டு வெற்றிகள். கோப்பி 1949இலும் 1952இலும் ஜிரோவையும் டூரையும் ஒரே ஆண்டில் வென்றார். அவருக்கு முன் அதை எவரும் செய்ததில்லை. ஒருநாள் பந்தயங்களில் மிலான்–சான்ரேமோவைப் பார்தாலி நான்கு முறையும் கோப்பி மூன்று முறையும் வென்றார்கள். லொம்பார்தியா பந்தயத்தில் கோப்பிக்கு ஐந்து, பார்தாலிக்கு மூன்று. 1950இன் பாரிஸ்–ரூபே வெற்றியும் 1953இன் உலகச் சாம்பியன் பட்டமும் கோப்பியின் கணக்கில் மட்டுமே உண்டு.

இந்தக் கணக்கில் தெரியாத ஒன்று போர். 1941 முதல் 1945 வரை ஜிரோ நடக்கவில்லை. டூர் 1940 முதல் 1946 வரை நடக்கவில்லை. 1914இல் பிறந்த பார்தாலிக்கு அவை 26 வயது முதல் 32 வயது வரையிலான ஆண்டுகள், ஒரு மலையேற்ற வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் பருவம். 1919இல் பிறந்த கோப்பியும் இழந்தார். 1943இல் துனிசியாவில் போர்க்கைதியாகப் பிடிபட்டு, 1945இல்தான் நாடு திரும்பினார். ஆயினும் திரும்பியபோது அவருக்கு வயது 25. முன்னால் பத்தாண்டுகள் இருந்தன. சிறைபடுவதற்கு முன்பே, 1942 நவம்பரில், குண்டுவீச்சுக்கு ஆளாகிக்கொண்டிருந்த மிலான் நகரின் விகொரெல்லி ஓடுதளத்தில் ஒரு மணி நேரத்தில் 45.798 கி.மீ. ஓட்டி உலகச் சாதனையும் படைத்திருந்தார். அச்சாதனை 1956 வரை நிலைத்தது. ஆக, போர் இருவரிடமிருந்தும் ஆண்டுகளைப் பறித்தாலும், சமமாகப் பறிக்கவில்லை. 1938இல் ஒன்றும் 1948இல் ஒன்றுமாகப் பத்தாண்டு இடைவெளியில் பார்தாலி பெற்ற இரு டூர் வெற்றிகளை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒப்பீட்டுக்கு மிகப் பொருத்தமான களம் ஒன்று தற்செயலாகவே அமைந்திருக்கிறது. இருவரின் புகழுக்கும் அடித்தளமான இரண்டு ஓட்டங்கள் பதினொரு மாத இடைவெளியில் நிகழ்ந்தன. இரண்டும் பிரெஞ்சு ஆல்ப்ஸின் வார்ஸ், இஸோவார் என்ற அதே இரு கணவாய்களின் மேல் நிகழ்ந்தன.

முதலாவது பார்தாலியுடையது. 1948 ஜூலை 14, டூர் டி பிரான்ஸில் ஓய்வு நாள். வீரர்கள் கான் நகரில் தங்கியிருந்தார்கள். டூரில் முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையை அணிந்திருந்த லூயிசோன் போபேயைவிடப் பார்தாலி 21 நிமிடங்களுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தார். அன்று ரோமில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் பல்மீரோ தொல்யாத்தி சுடப்பட்டார். நாடெங்கும் வேலைநிறுத்தமும் கலவரமும் வெடித்தன. பிரதமர் தெ காஸ்பெரி அன்றிரவு பார்தாலியைத் தொலைபேசியில் அழைத்து, வெல்ல முடியுமா என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. மறுநாள் குளிரிலும் சேற்றிலும் அல்லோஸ், வார்ஸ், இஸோவார் ஆகிய மூன்று கணவாய்களைக் கடந்து பிரியான்சோனில் முதலாவதாக நுழைந்தார் பார்தாலி. 21 நிமிட இடைவெளி ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருங்கியது. அதற்கடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டையைக் கைப்பற்றினார். அதன்பின் லோசானில் மூன்றாவது தொடர் வெற்றி. பாரிஸ் வந்து சேர்ந்தபோது 26 நிமிடங்களுக்கு மேல் முன்னிலை. பார்தாலி உள்நாட்டுப் போரைத் தடுத்துவிட்டார் என்பது அன்று முதல் இத்தாலியில் வழங்கும் கதை. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. உயிர் பிழைத்த தொல்யாத்தியே தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார், கொந்தளிப்பு தணிந்ததில் அதன் பங்கு பெரிது. ஆனால் 34 வயதை நெருங்கிய ஒருவர் மூன்று பந்தய நாள்களில் அப்படி ஏறினார் என்பதில் கதை எதுவும் கலக்கவில்லை.

இரண்டாவது கோப்பியுடையது. 1949 ஜூன் 10, ஜிரோவின் ஒருநாள் ஓட்டமான கூனேயோ–பினெரோலோ கட்டம்: 254 கி.மீ., மத்தலேனா, வார்ஸ், இஸோவார், மோன்ஜெனெவ்ர், செஸ்த்ரியேரே என ஐந்து கணவாய்கள், பெரும்பாலும் தார் காணாத மண்சாலை. முதல் ஏற்றத்திலேயே பிரிந்து சென்ற கோப்பி 192 கி.மீ. தூரத்தைத் தனியாகக் கடந்தார். வானொலி வர்ணனையாளர் மாரியோ ஃபெர்ரெத்தி, ‘ஒரே ஒரு மனிதர் முன்னிலையில் இருக்கிறார்; அவர் சட்டை வெள்ளையும் வான்நீலமும்; அவர் பெயர் ஃபவுஸ்தோ கோப்பி’ என்று தொடங்கிய வாக்கியம் இத்தாலிய மொழியில் நிலைத்துவிட்டது. பியாங்கி அணியின் அந்த வான்நீலம் இன்றும் கோப்பியை நினைவூட்டும் நிறம். இரண்டாவதாக வந்தவர் 11 நிமிடம் 52 விநாடி பின்தங்கினார், அவர் பார்தாலி. மூன்றாவதாக வந்தவர் 19 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கினார். இந்த இரண்டாவது இடைவெளியைப் பலரும் கவனிப்பதில்லை. அன்று கோப்பியை எட்ட முடியாத பார்தாலி, 34 வயதில், மற்ற அனைவரையும் ஏழு நிமிடங்களுக்கு மேல் பின்னுக்குத் தள்ளியிருந்தார். கோப்பியின் உயரத்தை அளக்க அன்று பார்தாலியைவிடச் சிறந்த அளவுகோல் உலகில் இல்லை. இருவரையும் பிரித்து மதிப்பிட முடியாமற்போவது இதனால்தான்.

ஓட்டும் முறையில் இருவரும் வேறுபட்ட மனிதர்கள். பார்தாலி கட்டுடல் கொண்டவர். ஏற்றத்தில் இருக்கையிலிருந்து எழுந்து உந்துவார், மீண்டும் அமர்வார், மீண்டும் உந்துவார். புகைபிடிப்பதையும் இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பதையும் விடவில்லை. கோப்பியின் கால்கள் நீண்டவை, மார்புக்கூடு அகன்று முன்தள்ளியது, எலும்புகள் எளிதில் முறிபவை. நடக்கையில் ஒட்டாத அந்த உடல் சைக்கிளில் ஏறியதும் அதனுடன் ஒன்றிவிடும். மேலுடல் அசையாமல் கால்கள் மட்டும் சீராகச் சுழலும். பார்வையற்ற மசாஜ் நிபுணரான பியாஜோ காவான்னா விரல்களால் தடவியே அவருடைய தசைகளின் நிலையைச் சொல்லிவிடுவார். உணவு, பயிற்சி, துணை வீரர்களின் வேலைப் பங்கீடு ஆகிய அனைத்தையும் கோப்பி திட்டமிட்டார். ஊக்கமருந்து தடைசெய்யப்படாத அக்காலத்தில் தாம் அதைப் பயன்படுத்தியதையும் பின்னாளில் மறைக்காமல் சொன்னார். பார்தாலிக்கு இது தீராத உறுத்தல்: 1946 ஜிரோவில் கோப்பி வீசியெறிந்த ஒரு குப்பி விழுந்த இடத்தை நினைவில் வைத்திருந்து, பந்தயம் முடிந்தபின் தேடி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்ததாகவும், அதில் இருந்தது சாதாரண டானிக்தான் என்று தெரிந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

அவர்கள் கையாண்ட கியரையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1948 டூரில் பார்தாலி பயன்படுத்திய கம்பன்யோலோவின் ‘காம்பியோ கோர்சா’வில், பின்சக்கரத்தின் வலப்புறப் பிரேம் குழாயை ஒட்டி இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. கியர் மாற்ற வேண்டுமானால், ஓடும் சைக்கிளில் கையைப் பின்னால் நீட்டி, ஒன்றைத் திருப்பிச் சக்கரத்தின் அச்சையே தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே மற்றதால் செயினை வேறு பல்சக்கரத்துக்கு நகர்த்த வேண்டும். பிறகு அச்சை மீண்டும் இறுக்க வேண்டும். இஸோவாரின் குளிரில் விறைத்த விரல்களால் இதைச் செய்துகொண்டுதான் பார்தாலி 20 நிமிடங்களை மீட்டார். அடுத்து வந்த வடிவத்தில் இரு வேலைகளையும் ஒரே நெம்புகோல் செய்தது. 1950இல் கோப்பி பாரிஸ்–ரூபேயை அதைக் கொண்டு வென்றதால், அதன் பெயரே ‘பாரிஸ்–ரூபே’ என்றாயிற்று.

பக்தர் பார்தாலி, நவீனர் கோப்பி. ஒருவர் திருச்சபையின் இத்தாலி, மற்றவர் இடதுசாரிகளின் இத்தாலி என்ற பாகுபாட்டைச் செய்தித்தாள்களும் அரசியலும் வளர்த்தன. பார்தாலியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. ‘பக்தர் ஜீனோ’ என்பதே அவருக்கு வழங்கிய பெயர். கோப்பிக்கு அது வெளியிலிருந்து ஒட்டப்பட்ட அடையாளம், அவரும் கத்தோலிக்கர்தான். 1950களில் அவர் ஜூலியா ஒக்கீனி என்ற திருமணமான பெண்ணோடு வாழத் தொடங்கியதும், அன்று குற்றமாக இருந்த பிறன்மனை உறவுக்காக 1955இல் இருவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதும் அந்த அடையாளத்தை உறுதிப்படுத்தின. ‘வெள்ளை உடைப் பெண்மணி’ என்று ஜூலியாவை நாடே பேசிற்று. இரண்டு மனிதர்களின் வாழ்க்கை தெருவுக்கு இழுக்கப்பட்ட கொடுமை அது.

பார்தாலியின் வாழ்வில் மறைந்திருந்தது வேறு வகையானது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பயிற்சி என்ற பெயரில் நீண்ட தூரம் ஓட்டி, பிரேம் குழாய்க்குள் யூதர்களுக்கான போலி அடையாள ஆவணங்களை மறைத்துக் கொண்டுசென்றார் என்பது அவரைப் பற்றிய செய்தி. அப்பயணங்களின் விவரங்கள் குறித்து வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு. புளோரன்சில் ஒரு யூதக் குடும்பம் ஒளிந்து உயிர்பிழைக்க அவர் உதவியதற்கு, அக்குடும்பத்தாரே சாட்சி. 2013இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் ‘நாடுகளிடையே நீதிமான்’ என்ற சிறப்பை அவருக்கு அளித்தபோது, அவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாம் உயிரோடிருந்த காலத்தில் அதைப் பற்றி அவர் வெளியே பேசியதே இல்லை எனலாம்.

இருவருக்கும் பொதுவான துயரம் ஒன்றுண்டு. பார்தாலியின் தம்பி ஜூலியோ 1936இலும், கோப்பியின் தம்பி செர்ஸே 1951இலும் பந்தயத்தில் விழுந்து இறந்தார்கள். இருவரும் பந்தயத்தையே விட்டுவிட நினைத்து, பிறகு திரும்பி வந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் 1948 உலகச் சாம்பியன் போட்டியில், மற்றவர் வென்றுவிடக் கூடாது என்று ஒருவரையொருவர் கண்காணித்தபடியே இருந்து, இருவரும் பாதியில் விலகினார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. அதற்காக இத்தாலியக் கூட்டமைப்பு இருவரையும் தற்காலிகமாக நீக்கியது.

சாலையில் யார் சிறந்தவர் என்று கேட்டால், தயங்காமல் கோப்பி என்பேன். தனியாகப் பிரிந்துசென்றால் பிடிக்க முடியாது என்ற நிலையை அவரளவுக்கு எட்டியவர் அக்காலத்தில் வேறு எவரும் இல்லை. எந்த வாழ்வை அதிகம் மதிக்கிறாய் என்று கேட்டால், பார்தாலியுடையது. 1952 டூரில் ஒரு மலையேற்றத்தில் இருவர் கைகளுக்கும் இடையே ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறும் புகைப்படம் இத்தாலியில் எல்லோரும் அறிந்தது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

1959 டிசம்பரில் கோப்பி ஆப்பிரிக்காவின் மேல் வோல்டாவுக்கு (இன்றைய புர்கினா ஃபாசோ) ஒரு பந்தயத்துக்காகச் சென்று, மலேரியாவோடு திரும்பினார். நோய் சரியாக இனங்காணப்படவில்லை. 1960 ஜனவரி 2 அன்று, 40 வயதில், தொர்தோனா மருத்துவமனையில் இறந்தார். அந்தப் புத்தாண்டில் ஓட்டுவதற்காக அவர் சான் பெல்லெக்ரீனோ என்ற அணியில் ஒப்பந்தமாகியிருந்தார். அதன் மேலாளர் ஜீனோ பார்தாலி.