சூரியகாந்தி விதைக்க டிசம்பரா, மே மாதமா?

கடையில் வாங்கிய இறக்குமதி விதைப் பொட்டலத்தில் "கடைசி உறைபனிக்குப் பிறகு விதைக்கவும்" என்று இருந்தது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் உறைபனி ஏது? "அப்படியானால் எந்த மாதம் போட்டாலும் ஒன்றுதானே" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். ஒன்றில்லை.

கனடாவின் மனிடோபாவில் மே கடைசியிலும் உறைபனி விழலாம். செப்டம்பரில் திரும்ப வந்துவிடும். மண் 10 டிகிரிக்காவது சூடேறினால்தான் விதை ஒழுங்காக முளைக்கும். அங்கே பயமெல்லாம் நாற்றைப் பற்றியது. இங்கே மண் ஆண்டு முழுவதும் சூடு. பயம் பூவைப் பற்றியது. மலர்ந்து கவிழ்ந்த தலையின் பின்பக்கம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். விடாமல் மழை பிடித்தால் அதில் தண்ணீர் தங்கி, பழுப்பேறி, இரண்டே மாத உழைப்பு அழுகிவிடும். அதனால் பூக்கும் வாரத்தை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

எங்கள் ஊர் இருக்கும் மலேசிய மேற்குக் கரைப் பக்கம் மழை வலுப்பது ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில். ஒற்றைத் தண்டில் ஒரே பூ விடும் குட்டை ரகங்களுக்கு ஏறக்குறைய 60 நாள் போதும். டிசம்பர் கடைசியில் ஊன்றினால் பிப்ரவரி கடைசியில் காய்ந்த வானத்தின்கீழ் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். மே நடுவில் ஊன்றினால் ஜூலையில் பூக்கும். ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். ஆனால் ஈர மண்ணில் விதை அழுகும். முளைத்ததை நத்தை விடாது. போன மே மாதம் ஒரே இரவில் பாதிப் பாத்தி போயிற்று. மேட்டுப் பாத்தி கட்டாமல் அந்த மாதம் விதைக்கவே கூடாது.

என் ஓட்டு டிசம்பருக்கு. விதைக்காக வளர்க்கும் நெட்டை ரகமென்றால் மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். அதற்கு 100 நாள்வரை ஆகும். ஏப்ரல் மழையில் மாட்டிக்கொள்ளும். டிசம்பர் முதல் வாரமே சரி.

தீபாவளிக்குப் பூக்க வேண்டுமென்று ஆகஸ்டில் விதைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் மொட்டு விரியும் நேரம் அக்டோபர் மழை. அந்தப் பருவத்துக்குச் செண்டுமல்லியே போதும்.

எந்த மாதமானாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிழலை விட்டுத் தள்ளி, காலை வெயில் நேராக விழும் இடத்தில், ஓர் அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள். பாலிபையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபடும்.